பனியில் தாழப் பறந்த விமானம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன தை மாதம் என் அக்கா மகன் ஓட்டிக்கொண்டிருந்த சிறிய விமானம், கனடாவில் உறைந்து கிடந்த ஓர் ஏரியின் மேல் உரசிக் குப்புறக் கவிழ்ந்தது. ஆள் பிழைத்துவிட்டான். சேதி காவேரிப்பட்டணத்துக்கு வந்த அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் போன் ஓயவில்லை. சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அவனோடு பள்ளியில் படித்தவர்களின் பெற்றோர் கேட்கிறார்கள். பாலக்கோட்டிலிருந்தும் அரூரிலிருந்தும் முன்பின் தெரியாதவர்கள்கூட, "எங்கள் பையனும் பைலட் ஆகணும் என்கிறான், என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்கள். நான் இருபது வருடத்துக்கு மேல் சிறு விமானங்களின் என்ஜின் பராமரிப்பில் இருந்தவன். அதனால் எல்லாக் கேள்வியும் கடைசியில் என்னிடம் வந்து சேர்கிறது. திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். பையனின் பெயரையும் பயிற்சிப் பள்ளியின் பெயரையும் எழுதவில்லை. மருமகன் என்றே சொல்கிறேன்.

என்னதான் நடந்தது?

வணிக விமானி உரிமத்துக்கு இத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. நம் நாட்டில் அது 200 மணி நேரம். அந்த மணிக்கணக்கைச் சேர்ப்பதற்காக மருமகன் அன்று தனியாக ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒற்றை என்ஜின், நான்கு இருக்கை, இறக்கை மேலே இருக்கும் வகை. கிளம்பும்போது வானம் நன்றாக இருந்தது. பாதி வழியில் பனி கொட்ட ஆரம்பித்தது, மேகம் கீழே இறங்கியது. மேகத்துக்குள் போகக் கூடாது என்பதால் அவனும் கூடவே இறங்கினான். முதலில் 1,500 அடி, பிறகு 1,000, அப்புறம் 600.

"கீழே ஏரிதானே மாமா, மரம் இல்லை, கம்பி இல்லை, பயமில்லை என்று நினைத்தேன்" என்றான். கடைசியில் திரும்பிவிடலாம் என்று முடிவு செய்து மெதுவாக இடப்பக்கம் வளைத்திருக்கிறான். அந்த வளைவிலேயே இடது சக்கரம் பனியைத் தொட்டுவிட்டது. மூக்கு குத்தி, வால் மேலே தூக்கி, விமானம் மல்லாந்துவிட்டது. தலைகீழாக பெல்ட்டில் தொங்கிக்கொண்டே பெட்ரோல் வால்வையும் மெயின் சுவிட்சையும் அணைத்திருக்கிறான். இறக்கையிலிருந்து சொட்டிய பெட்ரோல் காதில் விழுந்து காது முழுக்கக் குளிர்ந்து மரத்துப்போனதாம். தோள்பட்டை எலும்பு ஒன்று முறிந்தது. முன்பல் இரண்டு போனது. மோதினால் தானாகவே சிக்னல் அனுப்பும் கருவி ஒன்று விமானத்தின் வால் பக்கம் இருக்கும். 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குப் போகும் அந்த சிக்னலை வைத்துத் தேடி, பனிவண்டிக்காரர்கள் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிட்டார்கள்.

பனியில் விழுந்தான் என்றால் எப்படி? பனி என்ன செய்யும்?

அக்காவும் முதலில் இதைத்தான் கேட்டாள். நம் மொழியில் எல்லாமே பனிதான். விடியற்காலையில் புல்லில் நிற்பதும் பனி, சாலையை மறைப்பதும் பனி, வானத்திலிருந்து கொட்டுவதும் பனி, கெட்டியாக உறைந்ததும் பனி. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று சொல்லிப் பழகிய நமக்கு, பனியில் விமானம் விழுந்தது என்றதும் ஓசூர் சாலையில் மார்கழிக் காலையில் லாரி மோதுவது மாதிரிதான் மனதில் படம் வருகிறது.

விமானத்துக்கு இவை ஒவ்வொன்றும் வேறு வேறு ஆபத்து. மூடுபனி கண்ணை மறைக்கும். இறக்கையில் படியும் உறைபனி, தூக்கும் சக்தியைக் குறைக்கும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் உறையும் பனி என்ஜினின் மூச்சை அடைக்கும். கொட்டும் வெண்பனி தரையையும் வானத்தையும் ஒரே நிறமாக்கிவிடும். மருமகனுக்கு நடந்தது இந்தக் கடைசி வகை.

பகல் வெளிச்சத்தில் தரை எப்படித் தெரியாமல் போகும்?

கிருஷ்ணகிரி அணைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மார்கழி விடியலில் அணைக்கரையில் நின்று பாருங்கள். தண்ணீர் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. பரிசலில் போகிறவர் அந்தரத்தில் மிதப்பது போலத் தெரியும். அவர் ஐம்பது அடி தூரத்தில் இருக்கிறாரா இருநூறு அடியா என்பதும் தெரியாது. அணையில் சூரியன் ஏறினால் இது கலைந்துவிடும். மருமகன் பறந்த இடத்தில் நாள் முழுக்கக் கலையாது. மேலே வெள்ளை மேகம், கீழே வெள்ளை ஏரி, வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே மாதிரி வருவதால் நிழலே விழாது. நிழல் இல்லாவிட்டால் மேடு பள்ளம் இல்லை, தூரம் இல்லை.

கண்ணுக்கு எதிரே நல்ல தெளிவு இருப்பதாகவே மூளை நினைத்துக்கொள்ளும். இதனால்தான் இது மூடுபனியைவிட மோசம் என்று சொல்வேன். மூடுபனியில் எனக்குத் தெரியவில்லை என்பதாவது தெரியும்.

அனுபவசாலிகளும் இதில் ஏமாந்திருக்கிறார்கள். 1979 நவம்பர் 28-ம் தேதி அண்டார்டிகாவைச் சுற்றிக்காட்டப் போன ஏர் நியூஸிலாந்தின் டிசி-10 விமானம் தாழ இறங்கிப் பறந்தபோது, எதிரே இருந்த எரிபஸ் மலையையே யாரும் பார்க்கவில்லை. பனி மூடிய மலைச்சரிவும் மேகமும் ஒன்றாகத் தெரிந்தன. போகும் பாதையின் கணினிக் குறிப்பு மாற்றப்பட்டிருந்ததும் விமானிகளுக்குத் தெரிவிக்கப்படவில்லை. 257 பேரும் இறந்துபோனார்கள்.

உயரத்தைக் காட்ட கருவி இருக்குமே?

இருக்கிறது. ஆல்டிமீட்டர் என்று பெயர். ஆனால் அது அளப்பது காற்றழுத்தத்தை. அதிலிருந்து கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை அடி என்று கணக்கிட்டுக் காட்டும். காலுக்குக் கீழே தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி ஏறக்குறைய 1,700 அடி உயரத்தில் இருக்கிறது. ஓசூர் 3,000 அடியை ஒட்டி. பேருந்தில் சூளகிரி தாண்டும்போது காது லேசாக அடைப்பது அதனால்தான். ஆல்டிமீட்டரில் 3,500 அடி வைத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு மேலே வருகிறவருக்குக் கீழே 1,800 அடி இடைவெளி இருக்கிறது. அதே முள், அதே 3,500, ஓசூர் வந்து சேரும்போது இடைவெளி 500 அடிதான். அவர் ஓர் அடிகூட இறங்கவில்லை. தரை ஏறி வந்திருக்கிறது. நடுவில் சூளகிரி மலைகள் வேறு. மேகம் மூடிய நாளில் இந்த வழியில் தாழ வருவது எவ்வளவு ஆபத்து என்று நான் வேலை பார்த்த காலத்தில் பைலட்டுகள் பேசிக் கேட்டிருக்கிறேன்.

குளிர் நாட்டில் இன்னும் இரண்டு சிக்கல் சேரும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதனால் கருவி காட்டுவதைவிட விமானம் உண்மையில் தாழ இருக்கும். இயல்பு வெப்பநிலையிலிருந்து (கடல் மட்டத்தில் 15 டிகிரி) ஒவ்வொரு 10 டிகிரி குறைவுக்கும் 4 சதவீதம் என்று கணக்கு. மைனஸ் 25 டிகிரி நாளில் விமான நிலையத்துக்கு மேல் 1,000 அடி என்று காட்டினால் நிஜத்தில் 840 அடிதான் இருக்கும். இரண்டாவது, பனி கொட்டும் இடத்தில் பெரும்பாலும் காற்றழுத்தம் குறைந்திருக்கும். கருவியில் கிளம்பிய ஊரின் அழுத்தத்தையே வைத்துக்கொண்டு போனால், ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) குறைவுக்கு 30 அடி வீதம் ஏமாறுவோம். ஆறு குறைந்தால் 180 அடி. இரண்டு பிழையும் ஒரே திசையில்தான் தள்ளும், உயரமாக இருக்கிறோம் என்ற நினைப்பைக் கொடுக்கும். 600 அடியில் இருப்பதாக நம்பியவனுக்கு இதைவிடப் பொல்லாத பிழை வேறு இல்லை. மருமகன் அழுத்தத்தை மாற்றி வைக்க மறந்திருந்தான். அதை அவனே ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி சொன்னான்.

தாழப் பறப்பது ஏன் இவ்வளவு ஆபத்து? உயரத்திலிருந்து விழுவதுதானே மோசம்?

நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். விமானத்தில் உயரம் என்பது கையிருப்பு நேரம். சிறிய விமானத்தில் என்ஜின் நின்றாலும் அது கல் மாதிரி விழாது, சறுக்கிக்கொண்டு வரும். மருமகன் ஓட்டியது போன்ற விமானம் ஓர் அடி இறங்கினால் 9 அடி முன்னே போகும். 3,000 அடியில் என்ஜின் நின்றால் கையில் நான்கு நிமிடம் இருக்கிறது, 8 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஒரு வயலைத் தேடிக்கொள்ளலாம். 500 அடியில் நின்றால் 40 நொடி. அதற்குள் என்ன பழுது என்று பார்க்க வேண்டும், இடம் தேட வேண்டும், காற்று எந்தப் பக்கம் என்று யோசிக்க வேண்டும், ரேடியோவில் சொல்ல வேண்டும். முடியாது.

விதியும் இருக்கிறது. கண்ணால் பார்த்து ஓட்டும் விமானம், ஊர்களுக்கு மேலே என்றால் சுற்றிலும் 600 மீட்டருக்குள் உள்ள உயரமான பொருளைவிட 1,000 அடி மேலே பறக்க வேண்டும். மற்ற இடங்களில் தரைக்கோ தண்ணீருக்கோ மேல் 500 அடி. இறங்கும்போதும் ஏறும்போதும் தவிர இதற்குக் கீழே வரக் கூடாது.

அப்படியானால் மேகத்துக்குள்ளேயே போயிருக்கலாமே?

அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், தனி உரிமம் வேண்டும். வெளியே எதுவும் தெரியாதபோது உடம்பு சொல்வதை நம்பினால் போச்சு. காதுக்குள் இருக்கும் திரவம்தான் நாம் சாய்கிறோமா நிமிர்ந்திருக்கிறோமா என்று மூளைக்குச் சொல்கிறது. ஒரே சீராக வளைந்துகொண்டே இருந்தால் 20 நொடியில் அந்தத் திரவம் அமைதியாகிவிடும். நேராகப் போகிறோம் என்று உடம்பு சத்தியம் செய்யும். திருவிழா ராட்டினத்திலிருந்து இறங்கிய குழந்தை நிற்கும் தரையே சுற்றுகிறது என்று நினைக்கிறது இல்லையா, அந்தக் காதுதான் விமானிக்கும்.

1954-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். மேகத்தில் ஓட்டப் பழகாத 20 பேரை, வெளியே தெரியாதபடி மறைத்து ஓட்டவிட்டார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 நொடியில், அதாவது மூன்று நிமிடத்துக்குள்.

நம் தமிழ்நாட்டில் நடந்ததும் எல்லாருக்கும் நினைவிருக்கும். 2021 டிசம்பர் 8-ம் தேதி சூலூரிலிருந்து வெலிங்டன் போன விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் மோதியது. முப்படைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் இருந்த 14 பேரும் இறந்தார்கள். பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, விமானிக்குத் திசைநிலை குழம்பியது, அதனால் தரையில் மோதியது என்று விசாரணைக் குழு சொன்னது. இயந்திரக் கோளாறு இல்லை. ஓட்டியவர்கள் கைதேர்ந்தவர்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்களுக்கே அப்படி என்றால் 21 வயதுப் பையன் எம்மாத்திரம்?

திரும்பும்போதுதான் நிறைய விமானங்கள் விழுகின்றன என்கிறார்களே?

ஆமாம். நேராகப் போகும்போது மணிக்கு 90 கிலோமீட்டருக்குக் கீழே போனால்தான் இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் என்று வையுங்கள். அதை ஸ்டால் என்பார்கள். உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்த்து வளைத்தால் அதே விமானம் 127-லேயே ஸ்டால் ஆகிவிடும். தாழப் பறக்கிறவர் தரையைப் பார்த்துப் பயந்து, சட்டென்று சாய்த்து, மூக்கைத் தூக்கிப் பிடிப்பார். இரண்டும் சேர்ந்தால் ஒரு பக்க இறக்கை முதலில் விழும். மீண்டு வர உயரம் வேண்டும், அதுதான் இல்லையே. நண்பன் வீட்டுக்கு மேலே தாழ வந்து கைகாட்டிவிட்டுத் திரும்பும் பையன்கள் உலகம் முழுக்க இப்படித்தான் இறந்திருக்கிறார்கள். மருமகன் கொஞ்சமாகச் சாய்த்து வளைத்ததால்தான் இன்று பேசுகிறான்.

நம் ஊர்க் குளிரில் இறக்கையில் பனி உறையுமா?

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் எவ்வளவு குளிரினாலும் காற்று பூஜ்ஜியத்துக்குப் போகாது. அதனால் தரையில் நிற்கும் விமானத்தின் இறக்கையில் உறைபனி பார்ப்பது அரிது. ஆனால் கனடா மாதிரி குளிர் நாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு இறக்கையில் உறைபனி இருக்கிறதா என்று பார்ப்பது தினப்படி வேலை. மணல்காகிதம் போல மெல்லிசாக, சொரசொரப்பாகப் படிந்த உறைபனிகூட இறக்கையின் தூக்கும் சக்தியை 30 சதவீதம் வரை குறைக்கும், இழுவையை 40 சதவீதம் வரை கூட்டும். கனம் அல்ல பிரச்சினை, சொரசொரப்புதான். கையுறையைக் கழற்றி வெறும் கையால் இறக்கையின் முன்விளிம்பைத் தடவிப் பார் என்று மருமகனுக்குக் கிளம்பும் முன்பே சொல்லி அனுப்பினேன். அதை அவன் ஒருநாளும் விட்டதில்லை.

அப்படியென்றால் கிருஷ்ணகிரி, தருமபுரியில் குளிர்கால ஆபத்து இல்லையா?

இருக்கிறது. என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டீக்கடையில் பெரிய அடுப்பு இரண்டும் எரியும்போது கேஸ் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருக்கும், வெளியே தண்ணீர் முத்து முத்தாகக் கோத்திருக்கும், சில சமயம் அடிப்பக்கம் வெள்ளையாக உறைந்தே இருக்கும். உள்ளே திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் வருவது அது. பழைய வகை விமான என்ஜினின் கார்புரேட்டருக்குள்ளும் இதுதான் நடக்கிறது. குறுகலான வாய் வழியாகக் காற்று வேகமாகப் போகும்போது குளிர்கிறது. அங்கேயே பெட்ரோல் ஆவியாவதால் இன்னும் குளிர்கிறது. வெளியே இருப்பதைவிட 20 டிகிரிக்கு மேலேயே இறங்கிவிடும். மார்கழிக் காலையில் ஓசூரில் 15 டிகிரி, காற்றில் ஈரம் முழுக்க. கார்புரேட்டருக்குள் மைனஸ். காற்றில் இருக்கும் ஈரம் அங்கேயே உறைந்து வாயை அடைக்கும். மைனஸ் 20 டிகிரியில் காற்று காய்ந்து கிடக்கும், அங்கே இது குறைவு. நம் ஊர்க் குளிர்தான் இதற்கு வாட்டமான குளிர்.

அறிகுறி மெதுவாக வரும். என்ஜின் சுற்று 50, 100 என்று குறையும். பைலட் த்ராட்டிலை, அதாவது என்ஜின் வேகத்தைக் கூட்டும் பிடியை, கொஞ்சம் தள்ளிச் சரிசெய்துகொள்வார். மறுபடி குறையும். அதற்கென்று கார்ப் ஹீட் என்று ஒரு குமிழ் இருக்கிறது. அதை முழுக்க இழுத்தால் புகைக்குழாயைச் சுற்றிவரும் சூடான காற்று உள்ளே போய் ஐஸை உருக்கும். இழுத்ததும் என்ஜின் இன்னும் மோசமாக இருமும். உருகிய தண்ணீர் உள்ளே போவதால் அப்படி. புதிதாகப் பழகுகிறவர்கள் இங்கேதான் பயந்து குமிழைத் திரும்பத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளக் கூடாது. அரை நிமிடமோ கூடவோ பொறுத்தால் என்ஜின் தெளிந்துவிடும். 500 அடியில் பறப்பவருக்கு மொத்தமே 40 நொடிதான் என்று மேலே சொன்னேன் அல்லவா? இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

என்ஜின் நின்றுவிட்டது என்று என்னிடம் கொண்டுவந்த விமானத்தை அக்கு அக்காகப் பிரித்துப் பார்த்து ஒரு குறையும் காணாத நாள் உண்டு. கொண்டுவருவதற்குள் ஐஸ் உருகிப் போயிருக்கும். சாட்சியே மிஞ்சாத குற்றவாளி அது.

விமானத்துக்குள் ஹீட்டர் போட்டால் ஆபத்து என்று கேள்விப்பட்டோம். உண்மையா?

ஹீட்டர் ஆபத்து இல்லை, விரிசல் விட்ட ஹீட்டர் ஆபத்து. சிறு விமானத்தில் உள்ளே வரும் சூடு, புகைக்குழாயின் மேல் ஓட்டிய காற்றிலிருந்துதான் கிடைக்கிறது. அந்தக் குழாயில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு மணம் கிடையாது. தலைவலி, மந்தம், எதிலும் அக்கறையில்லாத ஒரு சோம்பல், அப்புறம் மயக்கம்.

2019 ஜனவரி 21 இரவு கால்பந்து வீரர் எமிலியானோ சாலா பிரான்சின் நாந்திலிருந்து கார்டிஃப் போன ஒற்றை என்ஜின் விமானம் ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. அநேகமாக மேகத்துக்குள் போகாமல் இருப்பதற்காக விமானி கையால் ஓட்டி வளைத்தபோது கட்டுப்பாடு போய்விட்டது, அவர் கார்பன் மோனாக்சைடால் பாதிக்கப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று பிரிட்டிஷ் விசாரணை சொன்னது. சாலாவின் ரத்தத்தில் அந்த வாயுவின் அளவு 58 சதவீதம் இருந்தது. குளிர்காலம், கெட்ட வானிலை, உள்ளே வந்த வாயு, எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்த விபத்து அது. கார்பன் மோனாக்சைடு வந்தால் சத்தம் போடும் சிறிய கருவி கிடைக்கிறது. பிள்ளைக்கு செல்போன் வாங்கித் தருவதற்கு முன் அதை வாங்கிக் கொடுங்கள்.

மின்கம்பியில் மாட்டிக்கொள்வதும் உண்டா?

நிறைய. கோபுரம் கண்ணுக்குத் தெரியும், கம்பி தெரியாது. தொப்பூரிலிருந்து தருமபுரி வரும் வழியில் மலைக்கு மலை கோபுரம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பேருந்து ஜன்னலிலிருந்து அவற்றின் நடுவே தொங்கும் கம்பியைத் தேடிப் பாருங்கள், லேசான மூட்டம் இருந்தாலே காணாமல் போகும். கோபுரத்தைப் பார்த்தாலே நடுவில் கம்பி இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, கோபுரத்தின் தலைக்கு மேலே கடக்க வேண்டும் என்றுதான் பழக்குவார்கள்.

விபத்துக்கு அவன்தானே காரணம்? வழக்கு வருமா?

அக்கா வீட்டுக்காரர் இதைக் கேட்டபோது குரல் நடுங்கியது. விபத்து விசாரணை என்பது போலீஸ் விசாரணை மாதிரி இல்லை. யார் மேல் பழி என்று சொல்வதல்ல, அடுத்த விபத்தைத் தடுப்பதே நோக்கம் என்று பன்னாட்டு விதியே இருக்கிறது. நம் நாட்டில் விமான விபத்து புலனாய்வுப் பிரிவு என்று 2012-ல் தனியாக அமைத்தார்கள். கனடாவிலும் தனி அமைப்பு இருக்கிறது. அவர்கள் கேட்டபோது மருமகன் ஒன்றையும் மறைக்கவில்லை. அழுத்தத்தை மாற்றாததையும் சொன்னான், இறங்கிக்கொண்டே போனதையும் சொன்னான். அவனைப் பற்றி எனக்குப் பெருமையாக இருப்பது அந்த ஒன்றுதான்.

இன்சூரன்ஸ் கிடைத்ததா?

ஆஸ்பத்திரிச் செலவுக்கு அங்கே எடுத்திருந்த மாணவர் காப்பீடு பெரும்பகுதி கொடுத்தது. இங்கே எடுத்துவைத்திருந்த தனிநபர் விபத்து பாலிசி கைகொடுக்கவில்லை. பயணியாகப் போகாமல், ஓட்டிக்கொண்டு போகும்போது நடக்கும் விபத்தைப் பல பாலிசிகள் சேர்ப்பதில்லை. கையெழுத்துப் போடும் முன் விலக்குகள் என்ற பக்கத்தைப் படியுங்கள்.

நம் ஊர்ப் பக்கம் சிறிய விமானம் விழுந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

ஓசூர் பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருக்கிறது. அங்கே 1990-களிலிருந்து சிறு விமானங்களைத் தயாரித்தார்கள். சேலம் விமான நிலையம் தருமபுரிக்குப் பக்கத்தில், காமலாபுரத்தில். ஆகவே இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. 112-க்கோ 108-க்கோ சொல்லுங்கள். பீடி, தீப்பெட்டி வேண்டாம், சிறு விமானங்களில் போடும் நீல நிறப் பெட்ரோல் சட்டென்று பற்றும். ப்ரொப்பெல்லர் நின்றிருந்தாலும் அதன் வீச்சுக்குள் போகாதீர்கள், தொடாதீர்கள். அறுந்த மின்கம்பி கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளே இருப்பவர் தலைகீழாகத் தொங்கினால், ஒருவர் கீழே தாங்கிக்கொண்ட பிறகே பெல்ட்டைக் கழற்ற வேண்டும். தாங்காமல் கழற்றினால் தலை குத்தி விழுந்து கழுத்து முறியும். ஆளைக் காப்பாற்ற எதை நகர்த்தினாலும் சரி. மற்றபடி ஒரு துண்டைக்கூட நினைவுக்கு என்று வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். அந்தத் துண்டில்தான் காரணம் இருக்கலாம்.

அவன் ஏன் முன்பே திரும்பவில்லை?

எல்லாரும் கடைசியில் தயங்கித் தயங்கி இதைத்தான் கேட்கிறார்கள். நானும் கேட்டேன். முதலில் வானிலை முன்னறிவிப்பைப் பற்றி ஏதோ சொன்னான். இரண்டு நாள் கழித்து அவனே கூப்பிட்டான். "திரும்பினால் அந்த ஒன்றரை மணி நேரம் கணக்கில் பாதிதான் சேரும் மாமா. அதே பாதைக்கு மறுபடி காசு கட்டணும். அப்பா மாந்தோப்பை அடமானம் வைத்த பணம்."

அந்தத் தோப்பை எனக்குத் தெரியும். அறுபது மரம். அந்த மரங்களுக்காகத்தான் பையன் 1,000 அடியிலிருந்து 600-க்கு இறங்கினான் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. பிள்ளைகளிடம் நாம் தினமும் "எத்தனை மணி நேரம் முடித்தாய்? எப்போது முடியும்?" என்றுதான் கேட்கிறோம். "இன்றைக்குப் பறக்காமல் இருந்தாயா?" என்று கேட்பதே இல்லை. அனுப்பும் பணத்தில், பாதி வழியில் திரும்புவதற்கென்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்குங்கள். ஒதுக்கியிருக்கிறோம் என்பதைப் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதும், வானிலை கெட்டுத் திரும்பினால் கட்டணத்தை எப்படிக் கணக்கிடுவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பள்ளியின் கட்டடத்தைவிட, விமானத்தின் வயதைவிட இந்தப் பதில் முக்கியம்.

மறுபடி பறக்கிறானா?

தோள் கூடிய பிறகு பயிற்சியாளரோடு ஆறு முறை பறந்தான். அதற்கப்புறம் தனியாகப் பறக்க விட்டிருக்கிறார்கள். போன வாரம் இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டான், அங்கே மதியம். கிளம்பி இருபத்தைந்து நிமிடத்தில் மேகம் 1,800 அடிக்கு வந்துவிட்டதால் திரும்பிவிட்டானாம். போனை அக்காவிடம் கொடுத்தேன். அவள் மேகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "எவ்வளவு கட்டணும், சொல்லு, நாளைக்கே போட்டுவிடுகிறோம்" என்றாள்.